வட்டமடித்த படகு

அத்தியாயம் 9

"இதைவிட நல்ல ஐட்டம் வேலூர்லயே கெடைக்காது மேடம்" என்று சொல்லிக் கடைக்காரர் கவுண்டர் மேல் வைத்ததை மோகனா எடுத்துப் பார்த்தாள். மிக்ஸி பிளேடு.

"நான் கேட்டது படகுக்கு."

"படகு இன்னா சைஸு?"

"நாலடி."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நாலடில எப்படி உக்காருவீங்க?"

"காலை மடக்கிக்குவாங்க" என்றான் பின்னால் நின்ற தபரேஸ்.

மோகனா திரும்பி முறைத்த முறைப்பில் அவன் வெளியே போய்க் காரைத் துடைப்பதுபோல் பாவனை செய்தான். காலையிலிருந்து ஏறி இறங்கிய கடைகளை எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள். மோட்டார் பம்ப் கடையில் இம்பெல்லரை நீட்டினார்கள். ஏர் கூலர் கடையில் பிளாஸ்டிக் விசிறி. பொம்மைக் கடைப் பெண் ட்ரோன் இறக்கையைக் காட்டி, "தண்ணில ஓடலைன்னா பறக்க விட்டுக்கலாம்" என்று சிபாரிசு வேறு செய்தாள். பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிற ஊர் இது. இங்கே போய்ப் படகுக்கு ப்ரொப்பல்லர் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? மோகனாவுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

சத்துவாச்சாரியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி உட்கார்ந்த நாளிலிருந்து அவளுக்கு வந்தவை இரண்டே வகை வழக்குகள். ஒன்று, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பது. இன்னொன்று, லாரியில் ஏறிய தோல் இறங்கும்போது ஏன் குறைகிறது என்று கண்டுபிடிப்பது. அவளுடைய உதவியாளன் தபரேஸ் ஆம்பூர்க்காரன். கார் ஓட்டுவான், ஆளைப் பின்தொடர்வான், யாரிடமும் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிடுவான். கறந்த பிறகும் பேச்சை நிறுத்த மாட்டான் என்பதுதான் தொல்லை.

இந்த வழக்கு முந்தின நாள் ஒரு கைக்குட்டையில் வந்தது. ஆஃப்ரீன் என்ற பெண் அதைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே பளபளவென்று, ஒரு படகிலிருந்து கழற்றிய இரண்டு பித்தளை ப்ரொப்பல்லர்கள்.

ஆஃப்ரீனின் அப்பா ஷபீ அஹமது, ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை வைத்திருப்பவர். ஷூவைத் தவிர அவருக்கிருக்கும் ஒரே பைத்தியம் கப்பல். துறைமுகத்தில் பார்த்த இழுவைக் கப்பல் ஒன்றை அளவு பிசகாமல் சுருக்கி, வருடக் கணக்கில் மரத்தில் இழைத்து நாலடிப் படகாக்கியிருந்தார். யாராவது தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு மோட்டாரும் ப்ரொப்பல்லரும் தேடி வாங்கிப் பொருத்திக் கொடுத்தவன் நவீத். அதே தொழிற்சாலையில் சாம்பிள் ரூம் மேனேஜர். ஆஃப்ரீனுக்கு நிச்சயமான மாப்பிள்ளையும் அவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களையும் கூட்டி, தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டியில் ஷபீ அஹமது படகை விட்டார். படகு நேராகப் போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது. குழந்தைகள் கை தட்டின. பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நவீத் படகைத் தூக்கி அடியில் பார்த்தான். "இது நான் மாட்டினதே இல்ல. ஒண்ணு லெஃப்ட், ஒண்ணு ரைட் இருக்கணும். இதுல ரெண்டும் லெஃப்ட்" என்றான். அங்கே பிடித்தது சனி. இரண்டு அச்சும் எதிரெதிராகச் சுழல, இறக்கை மட்டும் ஒரே பக்கமாக இருந்தால் ஒன்று முன்னே தள்ளும், இன்னொன்று பின்னே தள்ளும், படகு சுற்றும் என்பது அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. படகு இருந்தது சாம்பிள் ரூமில். சாவி அவன் கையில். "என்னை அசிங்கப்படுத்தத்தான் மாத்தியிருக்கே" என்று ஷபீ அஹமது அத்தனை பேர் நடுவே கத்தினார். இன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் நிச்சயத்தை முறித்துச் சொல்லிவிட நவீத் வீட்டுக்கு ஆள் அனுப்பப் போவதாக முடிவும் செய்துவிட்டார்.

"அதுக்குள்ள யாருன்னு கண்டுபிடிங்க மேடம்" என்று ஆஃப்ரீன் கேட்டாள். அழவில்லை. ஆனால் கைக்குட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். "முடியலைன்னா சரியான ஜோடியாவது தேடிக் குடுங்க. படகு ஒரு தடவை நேரா போய்ட்டா அப்பாவுக்குக் கோவம் இறங்கும். நவீதை நான் விட மாட்டேன். அப்பாவை எதுத்துக்கிட்டும் போக முடியாது. பேஜாரா இருக்கு."

யார் மாற்றியது என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, மாற்றாக ஒரு ஜோடியும் கிடைக்கவில்லை. மோகனா கடையை விட்டு வெளியே வந்து, கைக்குட்டையைப் பிரித்து, வெயிலில் அந்த இரண்டையும் நூறாவது தடவையாகப் பார்த்தாள்.

"மேடம், அதைப் பாத்துப் பாத்து ஒண்ணும் வராது. பசி வருது" என்றான் தபரேஸ்.

இறக்கைகள் எல்லாம் ஒழுங்கு. நடுக் குமிழின் நுனி மட்டும் என்னவோ உறுத்தியது. தண்ணீரில் சுற்றுகிற சாமானுக்கு நுனி மொழுக்கென்று இருந்தால் போதும். இதில் பூ மொட்டு மாதிரி கூர்ந்து, கழுத்தில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தது. தலையை நிமிர்த்தினாள். எதிர்ச் சாரியில் பாத்திரக் கடை. வாசலில் வரிசையாகக் குத்துவிளக்குகள்.

"தபரேஸ், கப்பல் விசிறிக்கு எவனாவது குத்துவிளக்கு மொட்டு வெப்பானா?"

"சாயங்காலம் ஏத்தி வெக்கலாம் மேடம். கப்பலுக்கு நல்லது."

அவள் அதற்குள் சாலையைத் தாண்டியிருந்தாள். பாத்திரக் கடை மீனாம்பாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பார்வைதான் பார்த்தாள். "இது கலவை ஊரு துரைசாமியோட மொட்டு. அவர்தான் கழுத்துல ரெண்டு கோடு இழுப்பாரு. ஏம்மா, விளக்கு உடைஞ்சிடுச்சா?"

"விளக்கு இல்ல, ஒரு கல்யாணம். சாயங்காலத்துக்குள்ள உடைஞ்சிடும் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு மோகனா காருக்கு ஓடினாள்.

கலவைக்குப் போகிற வழி முழுக்க லாரிகள். ஆற்காடு தாண்டுவதற்குள் தபரேஸ் இரண்டு டிரைவர்களோடு சண்டை போட்டு, ஒருவனோடு தோஸ்த் ஆகிவிட்டான். துரைசாமியின் வார்ப்புப் பட்டறை ஊர்க் கடைசியில் புகையோடு நின்றது. துரைசாமி வியர்வையைத் துடைத்தபடி வந்தார். ப்ரொப்பல்லரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நம்ம சரக்குதான். எப்படி இருக்கு? ஃபேன் நல்லா சுத்துதா?"

"ரொம்ப நல்லா சுத்துது" என்றான் தபரேஸ். "நிறுத்தத்தான் முடியலை."

"யார் குடுத்தாங்க இதை?" என்று மோகனா கேட்டாள்.

"ஆம்பூர் பார்ட்டி. முன்ன அங்க செருப்பு பக்கிள் எல்லாம் ஊத்திக் குடுத்திருக்கேன். அந்தப் பழக்கத்துல யார் யாரோ கூப்புடுவாங்க. இவரு போன்ல பேசினாரு. அதட்டற குரலு. 'சாம்பிள் ஒண்ணு அனுப்பறேன், அதே மாதிரி ஒரு ஜோடி பண்ணி அனுப்பு'ன்னாரு. வெச்சுட்டாரு. சாம்பிள் பஸ் கண்டக்டர் கையில வந்துது. ஜோடியையும் சாம்பிளையும் அதே பஸ்ல திருப்பி அனுப்பிட்டேன்."

"பேரு?"

"கேட்டேன். 'வேலையைப் பாரு'ன்னாரு."

"சரி, போன் நம்பர் இருக்குமே. குடுங்க."

துரைசாமி உலையைக் காட்டினார். "போன் அதுக்குள்ள விழுந்து நாலு நாளாச்சு. என் சம்சாரம் இன்னும் திட்டிக்கிட்டு இருக்கா."

மோகனா கண்களை மூடித் திறந்தாள். இத்தனை கடை ஏறி இறங்கி, இத்தனை மைல் வந்து, கடைசியில் துப்பு உலையில் வெந்துபோய்விட்டது. கத்த வேண்டும் போலிருந்தது. யார் மேல் கத்துவது?

"சாம்பிள் எதுலயாவது சுத்தி வந்துதா?"

"துணிப் பை ஒண்ணுல வந்துது. நல்ல பையாச்சேன்னு எடுத்து வெச்சிக்கிட்டேன்." சுவரில் ஆணியில் தொங்கிய பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அவருடைய வெற்றிலை பாக்கு. வெளியே ஷபீ அஹமது தொழிற்சாலையின் முத்திரை. வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் ஷூவைப் போட்டுத் தரும் பை அது. சாம்பிள் ரூமைத் தவிர வேறு எங்கும் இருக்காது. சாம்பிள் ரூம் என்றால் நவீத்.

ஆற்காடு திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் தபரேஸ் வண்டியை நிறுத்தினான்.

"மாப்பிள்ளை அவுட், மேடம்" என்றான். முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. "ஆஃப்ரீன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு மனசு வரலை."

மோகனாவுக்கும் வரவில்லை. மாப்பிள்ளை யோக்கியன் என்று நிரூபிக்கப் போய், அவன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொண்டுவந்திருக்கிறாள். டீ வாயில் கசந்தது. துணிப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒரு ஷூதான் பிடிக்கும் போலிருக்கே?"

"சாம்பிள் எப்பவும் ஒத்தைக் கால்தான் மேடம். எங்க ஊரு வழக்கம். வெளிநாட்டுல வாங்கற பையருக்கு ஒரு காலை மட்டும் அனுப்புவாங்க. வழியில எவனாவது அடிச்சாலும் போட முடியாதில்ல? அதைப் பார்த்து ஓகே சொன்னா, இங்க அதை வெச்சே ரெண்டு காலும் போட்டுடுவாங்க. எங்க அண்ணன் காஷிஃப் ஒரு தடவை பெருநாளுக்குப் புது ஷூன்னு எடுத்தாந்தான். ரெண்டும் ரைட்டு. வேணாம்னா மனசு நோகும்னு போட்டுக்கிட்டே தொழப் போனேன். ஒரே ஒரு நன்மை. திரும்பி வர்றப்போ வெச்ச எடத்துலயே இருந்துது."

மோகனா டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"என்ன மேடம்? ஜோக் அவ்ளோ மோசமா?"

"தபரேஸ், ரெண்டும் லெஃப்ட்டா இருக்கறதால யாரோ வேணும்னே பண்ண சதின்னு நெனைச்சோம். படகைச் சுத்த விடணும்னு நெனைக்கறவன் துரைசாமிகிட்ட என்ன சொல்லியிருப்பான்?"

"ரெண்டும் இதே மாதிரி லெஃப்ட்டா பண்ணுன்னு சொல்லியிருப்பான்."

"இந்த ஆள் கேட்டது ஜோடி. அனுப்பினது ஒண்ணே ஒண்ணு. ஷூவுக்கு ஒரு கால் சாம்பிள் குடுத்தா மறுகால் தானா வந்துடும். அப்படியே இதுவும் வரும்னு நம்பிட்டான். துரைசாமி பக்கிள் ஊத்தின ஆளு. பக்கிள்ல லெஃப்ட்டு ஏது, ரைட்டு ஏது? வந்ததைப் பார்த்து அப்படியே ரெண்டு ஊத்திட்டாரு."

தபரேஸ் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "அப்போ இது சதியே இல்ல. தப்பு."

"தப்புதான். லெஃப்ட், ரைட் வித்தியாசம் தெரிஞ்ச நவீத் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கவே முடியாது. பண்ணவனுக்குப் படகு நேரா போகணும்னுதான் ஆசை. ரைட் எப்படியோ உடைஞ்சிருக்கு. மிச்சமிருந்த லெஃப்ட்டை அனுப்பியிருக்கான். சாம்பிள் பை அவன் கைக்கு எட்டும். பேரைக் கேட்டா 'வேலையைப் பாரு'ன்னு அதட்டுவான்."

"மேடம், நீங்க யாரைச் சொல்றீங்க?"

"வண்டியை எடு. ஆம்பூருக்கு விடு. வழியில பிரியாணி வாசனை வந்தா மூக்கை மூடிக்க."

ஆம்பூருக்குள் நுழைந்தபோது தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. தபரேஸ் ஆழமாக மூச்சை இழுத்தான். அவனுக்கு அது வீட்டு வாசனை. மோகனா கர்சீப்பைத் தேடினாள். அஸருக்கு அதிக நேரம் இல்லை. வழியில் ஆஃப்ரீன் போன் செய்து என்ன ஆச்சு என்று கேட்டபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவோடு ஆபீஸ் ரூமில் இருக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஷபீ அஹமது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, வெள்ளை ஜிப்பா. ஜன்னல் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படகு. யார் கைரேகையும் படாத பளபளப்பு. ஆஃப்ரீன் சுவரோரம் நின்றாள்.

"எம் பொண்ணு உங்களை வேலைக்குப் போட்டிருக்கான்னு சொன்னா. நேரம் வேஸ்ட்" என்றார். "தொழுகைக்குப் போகணும். சீக்கிரம் சொல்லுங்க."

"கண்டுபிடிச்சாச்சு சாஹிப்." மோகனா இரண்டு ப்ரொப்பல்லரையும் மேஜையில் வைத்தாள். "இதை ஊத்தினவரைப் பார்த்துட்டு வர்றோம். என்ன வேலை! மணி மணியா இருக்கு. இந்த மாதிரி சுத்தமான வேலைக்காரரை நான் பார்த்ததில்ல."

ஷபீ அஹமதுவின் மீசை துடித்தது.

"தப்பு அவர் மேல துளிகூட இல்ல" என்று தொடர்ந்தாள். "ஆர்டர் குடுத்தவன்தான் அடிமுட்டாள். அறிவுன்னு ஒண்ணு இருந்தா..."

"யார் முட்டாள்?" மேஜை அதிர்ந்தது. "அவன் வேலைக்காரனா? ஒத்தைக் கால் சாம்பிள் குடுத்தா மறுகாலை அவனே போட வேணாம்? எங்க ஃபேக்டரில நேத்து சேர்ந்தவனுக்குக்கூட அது தெரியும்! ஜோடின்னு சொன்ன பிறகும் ரெண்டு லெஃப்ட்டை அனுப்பி அத்தனை பேர் முன்னாடி..."

பாதியில் நின்றது குரல்.

"ஒண்ணுதான் சாம்பிளா போச்சுன்னு நான் சொல்லவே இல்லையே சாஹிப்" என்றாள் மோகனா மெதுவாக. "ஜோடின்னு கேட்டதையும் சொல்லலை."

ஷபீ அஹமது தொப்பியைப் பார்த்தார். அப்புறம் படகைப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து வைத்தார். உள்ளே பழைய ப்ரொப்பல்லர்கள் இரண்டு. ஒன்று முழுசு. இன்னொன்றில் ஒரு இறக்கை பாதியோடு முறிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒரு நாள், யாரும் இல்லாதப்போ, எங்கிட்ட இருக்கற இன்னொரு சாவில ரூமைத் தெறந்து, நானே தொட்டில விட்டுப் பார்த்தேன்" என்றார். அதட்டல் எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. "ஆசைதான். வேகமா போய் செவுத்துல மோதிடுச்சு. யாரும் தொடக்கூடாதுன்னு ஊரைக் கூட்டினவன் நான். எங் கையாலயே உடைச்சேன்னு எப்படி சொல்றது? புதுசு மாட்டிட்டா யாருக்கும் தெரியாதுன்னு இருந்துட்டேன். நவீத் அடியில பார்த்துட்டு இது என்னோடது இல்லைன்னு சொன்னான் பாரு... மாட்டிக்கிட்டேன்னு வாயில வந்ததைக் கத்திட்டேன். கத்தின பிறகு எப்படித் திருப்பி வாங்கறது?"

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம் அப்பா" என்றாள் ஆஃப்ரீன். குரலில் அழுகை இல்லை, கோபம். "சிரிச்சுட்டு பிரியாணி சாப்பிட்டிருப்போம். ஒரு பித்தளைத் துண்டை மறைக்க என் நிக்காஹை விட்டுடப் பார்த்தீங்களே."

தெருக்கோடி மசூதியிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஷபீ அஹமது மோகனாவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க பேசத் தெரிஞ்சவங்க. அந்த வீட்டுக்குப் போய், பக்குவமா, திருடன் கெடைச்சிட்டான், வெளி ஆளுன்னு..."

"அஸர் முடிஞ்சதும் ஆள் அனுப்பறதா சொன்னீங்க இல்லப்பா?" என்று ஆஃப்ரீன் குறுக்கிட்டாள். "அனுப்புங்க. அந்த ஆள் நீங்கதான். அத்தனை பேர் முன்னாடி சொன்னதை, அதே அத்தனை பேர் முன்னாடி திருப்பி வாங்கிக்கணும்."

தபரேஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மோகனா அவன் காலை மிதித்தாள்.

ஷபீ அஹமது தொப்பியை அணிந்துகொண்டு எழுந்தார். முறிந்த ப்ரொப்பல்லரை எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று, ஊரையெல்லாம் அதட்டிப் பழகிய குரலில் அல்லாமல், மோகனாவிடம் கேட்டார்.

"பையன் கதவைத் தெறக்கலைன்னா?"

"தெறக்கற வரைக்கும் வெளியவே நில்லுங்க சாஹிப்."

அவர் தலையசைத்தார். டிரைவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, தெருவில் எல்லோரும் பார்க்க நடந்து போனார்.